ஆரோக்கியசாமி சுட்ட ஈஸ்டர் பிஸ்கட்

பாரிவாக்கத்தில் முடிதிருத்தும் கடை நாற்காலியில், முகத்தின் ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது என் நண்பன் ஆரோக்கியத்தின் மனைவி மேரியின் போன் வந்தது. "அண்ணே, அவரு பூட்டாருண்ணே" என்றாள். துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு அப்படியே வண்டியை எடுத்துவிட்டேன். முகப்பேரில் அவன் வீட்டு வாசலில் இறங்கியபோது எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். துக்கத்தில் இந்த ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆரோக்கியம் மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தால், "இன்னா மச்சான், பாதி மெஷினிங்லயே பீஸை எறக்கிட்டானுங்களா?" என்று எங்கள் கம்பெனி பாஷையில் கேட்டிருப்பான். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சிடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று மேரி கேட்டாள். 'அவர்' என்று மரியாதையாக எழுதுங்கள் என்று வேறு யாரோ சொல்லியனுப்பினார்கள். அது மட்டும் என்னால் ஆகாது. முப்பது வருடம் 'டேய்' என்று கூப்பிட்டவனுக்குச் செத்த பிறகு மரியாதை கூட்டினால் அவனுக்கே சிரிப்பு வரும். கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்களும் முகப்பேர் குடியிருப்பில் அவனோடு வாழ்ந்தவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் கம்பெனி எங்களுடையது. அவன் உலைப் பிரிவு, நான் இன்ஸ்பெக்‌ஷன். கியர்களை உலையில் வாட்டி, எண்ணெயில் இறக்கி, மேல்தோலை மட்டும் கெட்டியாக்குவது அவன் வேலை. உள்ளே இளக்கமாக இருந்தால்தான் பல் உடையாது. அதைச் சோதித்துப் பாஸ் அல்லது ரிஜெக்ட் போடுவது என் வேலை. நான் சேர்ந்த புதிதில் அவன் போட்ட ஒரு லாட்டை மொத்தமாக ரிஜெக்ட் செய்தேன். கேன்டீனில் எல்லோர் எதிரிலும் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "நாத்து நட்டுகினு இருந்த ஊட்டுப் புள்ள, உனுக்கு இரும்பைப் பத்தி இன்னாடா தெரியும்?" என்றான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள்தான். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

மறுநாள் காலை என் மேசை முன்னால் வந்து நின்றான். அந்த லாட்டிலிருந்து ஒரு கியரை எடுத்து அறுத்தே பார்த்திருக்கிறான். "நீ சொன்னதுதான் கரெக்டு. நேத்து நான் பேசினது தப்பு" என்றான். மத்தியானம் அதே கேன்டீனில், அதே ஆட்கள் எதிரில், இன்னொரு முறையும் சொன்னான். இப்படி ஊர் பார்க்கத் திட்டி, ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. "செஞ்சவன் தன் கையால பாஸ் போடக் கூடாது மாமே" என்று அவன் அடிக்கடி சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது அன்றைக்கு ஆரம்பித்தது.

பிஸ்கட் கதை பத்து வருடத்துக்கு முன்பு தொடங்கியது. அவன் மகள் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஈஸ்டருக்கு உள்ளே மார்ஷ்மெல்லோ வைத்த குக்கீஸ் வேண்டும் என்றாள். பஞ்சு மிட்டாயை அமுக்கிக் கட்டியாக்கியது போல வெள்ளையாக இருக்குமே, அதுதான் மார்ஷ்மெல்லோ. கடையில் வாங்கித் தரலாம் என்றாள் மேரி. இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேல கெட்டி, உள்ள மெத்து. இத்தத்தானே நான் காலம் பூரா செஞ்சுகினு கீறேன்?" என்று ஒரு ஓவனை வாங்கி வந்துவிட்டான்.

கம்பெனிப் பழக்கம் லேசில் போகுமா? உலையிலிருந்து எடுத்ததும் சட்டென்று குளிர்விக்க வேண்டும் என்பது அவன் கையிலேயே ஊறியிருந்தது. வெந்த பிஸ்கட்டைத் தட்டோடு எடுத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த அன்னக்கூடையில் இறக்கினான். மெல்லிய தட்டு, சூட்டில் நெளிந்து ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறி, பன்னிரண்டு பிஸ்கட்டும் மிதந்தன. மேரி எனக்குப் போன் செய்து, "அண்ணே, உங்க ஃப்ரெண்டு பிஸ்கட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டாரு, வந்து பாருங்க" என்றாள்.

அடுத்த தட்டில் மார்ஷ்மெல்லோ மொத்தமும் உருகி ஓடி, உள்ளே வெறும் பொந்துதான் இருந்தது. அவன் விடவில்லை. மார்ஷ்மெல்லோவை முதலில் ஃப்ரீசரில் வைத்து இறுக்கினான். மாவை எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் சுற்றி, ஓட்டை எங்கேயும் இல்லையா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓவன் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டான். நாலாவது தட்டில் வந்தது பாருங்கள், கடித்து இழுத்தால் நூல் பிடித்தது.

இதில் என் பங்கு என்னவென்று கேட்பீர்கள். தவக்காலம் நாற்பது நாளும் ஆரோக்கியம் இனிப்பைத் தொட மாட்டான். டீயில்கூடச் சர்க்கரை கிடையாது. பிஸ்கட் சுடுவதோ ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை பகலில், நோன்பு முடிவதற்கு முன்னால். மேரியும் மகளும்கூட நோன்பு. அந்த வீட்டில் ருசி பார்க்க ஒரு நாக்கு இல்லை. எனவே வருடா வருடம் பாரிவாக்கத்திலிருந்து என் நாக்கு முகப்பேருக்குப் போகும். நான் சாப்பிட்டு முடித்து வாயைத் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் பாஸ் சொன்னால்தான் டப்பாவில் ஏறும். மாடி வீட்டுக்காரர்கள் சைவம் என்பதால் முட்டைக்குப் பதில் தயிர் விட்டுத் தனித் தட்டு. அவர்களுக்காகப் பச்சைப் புள்ளி போட்ட மார்ஷ்மெல்லோவைத் தேடிப் பூந்தமல்லி வரை அலைவான். சுட்ட பிறகு அந்த பிஸ்கட் ஒவ்வொன்றின் தலையிலும் அவனே பச்சைக் கலரில் ஒரு புள்ளி வைப்பான். ஈஸ்டர் காலையில் எல்லா வீட்டுக்கும் அவன்தான் கொண்டுபோவான். உங்களில் பலர் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

பிறகு தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்ததில் கட்டி சுருங்கியது, கூடவே நாக்கும் செத்துவிட்டது. "அட்டையை மென்னுகினு கீற மாதிரி கீது மச்சான்" என்றான். ஆனாலும் போன வருட ஈஸ்டருக்குச் சுட்டான். நான் போனேன். ஒரு கடி கடித்ததுமே தெரிந்துவிட்டது. உப்பையும் சோடாவையும் சின்ன ஸ்பூனுக்குப் பதில் பெரிய ஸ்பூனால் போட்டிருக்கிறான். உப்புக் கரித்து, அடியில் கசந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நின்றே சுட்டிருக்கிறான். ஐந்து டப்பா நிறைய இருந்தது. நான், "பிரமாதம்டா, பாஸ்" என்றேன்.

நீங்களும் என்னைப் போலத்தான். ஈஸ்டர் காலையில் வாங்கிச் சாப்பிட்ட ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். மேரிதான் நோன்பு முடிந்து ஒன்றைக் கடித்துவிட்டு, "இன்னாய்யா இது, உப்பை வாரிக் கொட்டி வச்சிருக்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஷேர் ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு டப்பா. "தின்னு" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உடம்பு பூட்ச்சுன்னு டாக்டரு சொன்னாரு, தாங்கிக்கினேன். நாக்கு பூட்ச்சு, அதையும் தாங்கிக்கினேன். நீ பாஸ் போட்டே பாரு, அப்பத்தான்டா நான் செத்த ஆளுன்னு எனக்கே தோணிச்சு" என்றான். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் போய்விட்டான்.

அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. நான் போன் செய்தால் மேரி எடுப்பாள். வீட்டுக்குப் போனால் கண்ணை மூடிப் படுத்திருப்பான். கோபமாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். இது கோபமில்லை. என் வார்த்தைக்கு அவனிடம் இனி விலை இல்லை, அவ்வளவுதான். நல்லதுதானே செய்தோம் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன், ஒப்பவில்லை. முப்பது வருடம் அவன் என்னிடம் நம்பிக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அவன் நலிந்து கிடந்தபோது இரக்கம் என்ற பெயரில் அதைக் கெடுத்தேன். இந்த மனிதன் இப்படியே போய்விடுவானோ என்ற பயம் ஒரு வருடம் முழுவதும் என்னை விடவில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று மேரி கூப்பிட்டாள். "நாளைக்கு உங்கள வரச் சொல்றாருண்ணே" என்றாள். போனேன். அவனால் நிற்க முடியவில்லை. அடுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வா என்றுகூடச் சொல்லவில்லை. முதல் தட்டு வெளியே வந்தது. மேரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, அவனுக்குத் தெரியாமல் கண்ணால் கெஞ்சினாள். ஓடாய்த் தேய்ந்திருக்கிறான், எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். கடித்தேன். அடி தீய்ந்திருந்தது. மாவு ஒரு பக்கம் மெலிந்து மார்ஷ்மெல்லோ பாதி வெளியே வழிந்திருந்தது.

"ரிஜெக்ட்" என்றேன்.

மேரி, "அண்ணே!" என்று அதட்டினாள். அவன் தலையை நிமிர்த்தினான். "இன்னா டிஃபெக்டு?" என்று கேட்டான். ஒரு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அடி தீய்ந்தது, பக்கவாட்டில் கனம் பத்தவில்லை என்று சொன்னேன். "தட்டை மேல் கம்பிக்கு ஏத்து மேரி. மாவைத் தாராளமா எடு" என்றான். முகத்தில் ரத்தம் ஊறியது போல இருந்தது. இரண்டாவது தட்டு உப்பு பத்தாமல் சப்பென்று இருந்தது. அதையும் ரிஜெக்ட் செய்தேன். "உனுக்கு வேற வேலையே இல்லியாடா" என்று திட்டிவிட்டுச் சிரித்தான். மேரியும் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது தட்டு வர மத்தியானமாகிவிட்டது. மெதுவாகக் கடித்தேன். மேலே கெட்டி, உள்ளே நூல் பிடித்தது. உப்பு அளவு, இனிப்பு அளவு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு இவன் மறுபடியும் பொய் சொல்கிறான் என்று நினைத்துவிடுவானோ என்று பதறினேன். "பாஸ்" என்றேன். "நெஜமாவா?" என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டால் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "டப்பாவுல அடுக்கு மேரி" என்றான்.

ஈஸ்டர் முடிந்து ஐந்தாவது வாரம் போய்விட்டான். அவன் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேரி சொன்னாள். எதுவும் வேண்டாம் என்றேன். ஒரு முறை ஏமாற்றியவன் என்று தெரிந்தும், அந்த மத்தியானம் நான் சொன்ன ஒரு வார்த்தையை அவன் இரண்டாம் முறை கேட்காமல் எடுத்துக்கொண்டான். என்னிடம் இருப்பது அதுதான். எனக்கு அது போதும் ஆரோக்கியம்.