சபரி சொன்ன தேங்க்ஸ்

சபரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான். கல்யாணமாகி சான்டா கிளாராவுக்கு வந்த வசந்தாமணிக்கு அமெரிக்கா பழகுவதற்கு முன்பே அது பழகிவிட்டது. ரசத்தில் உப்புக் கூடினால் ஒரு வாரம். நண்பர்கள் முன்னால் அவன் சொன்னதைத் திருத்தியதற்கு ஒரு மாதம். அந்த நாட்களில் அவள் போட்ட தட்டைத் தொட மாட்டான். அவள் பார்க்கும்படி பீட்சா வரவழைத்துத் தின்பான்.

"ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? சொல்லிப்போடுங்க" என்று பெருந்துறைப் பேச்சில் கெஞ்சியபடி பின்னாலேயே நடப்பாள். எதற்கென்று தெரியாமலே மன்னிப்பும் கேட்பாள். அப்போது அவன் உதட்டோரம் ஒரு திருப்தி தெரியும்.

1998 கோடையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மளிகைக் கடையில் மயங்கி விழுந்தாள். டாக்டர், உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, கவுன்சலரைப் பாருங்கள் என்று இருவரையும் அனுப்பினார்.

கவுன்சலர் கேரன், தலை நரைத்த அமெரிக்கப் பெண். அவள் அறைக்குள் நுழைந்ததும் சபரி வேறு ஆளானான். குரல் குழைந்தது. மனைவியின் தோளில் கை போட்டான். அவளுக்கு உடம்பு கூசியது.

"இவர் மாசக்கணக்கா எங்கூடப் பேசறதில்லைங்க" என்றாள் வசந்தாமணி.

"ஷி இஸ் ஹோம்சிக்" என்று மொழிபெயர்த்தான் சபரி.

ஊர் ஏக்கம் என்று அர்த்தம், அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். ஆனால் அதை மறுத்துச் சொல்லும் அளவுக்கு இங்கிலீஷ் வரவில்லை.

தினமும் ஒருவருக்கொருவர் ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்லிப் பாருங்கள் என்றாள் கேரன்.

மறுநாள் காலை, ஷூ லேஸைக் கட்டியபடியே "காபிக்கு தேங்க்ஸ்" என்றான் சபரி. அடுத்த நாள் "சட்டைக்கு தேங்க்ஸ்." முகத்தைப் பார்க்க மாட்டான். அன்றைய பேச்சு அவ்வளவுதான். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரை வழிய, பாத்ரூமிலிருந்து "தேங்க்ஸ்" என்று கத்தினான்.

"எதுக்குங்க?"

"ஏதோ ஒண்ணுக்கு. கேரன் கேட்டா சொன்னேன்னு சொல்லு."

அவன் பேசாமலிருந்தபோதெல்லாம் அவளுக்கு அழுகைதான் வந்திருக்கிறது. இப்போது வந்தது அருவருப்பு. வாஷ்பேசினில் அவன் துப்பிவிட்டுப் போன நுரையைக் கழுவக்கூடக் கை போகவில்லை.

அடுத்த முறை கேரன் முன்னால், "டெய்லி பண்றோம், கிரேட் இம்ப்ரூவ்மென்ட்" என்று இங்கிலீஷில் அளந்துவிட்டுப் பல்லைக் காட்டினான். வசந்தாமணி தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தாள்.

"நோ ஹோம்சிக். ஹி நோ டாக். ஒன் மன்த் நோ டாக். தேங்க்ஸ் ஆல் லை."

சபரி விளக்க ஆரம்பித்தான். கேரன் கையமர்த்தி, அவனை வெளியே உட்காரச் சொன்னாள். அவனை மொழிபெயர்க்க விட்டது தன் தவறு என்றாள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: அவன் பேசாமலிருப்பது உன் குற்றமில்லை. அதைச் சரிசெய்வதும் உன் வேலையில்லை. கெஞ்சாதே. நேரத்துக்குச் சாப்பிடு. தினமும் யாராவது ஒருவரோடு பேசு.

"என்னைய அசிங்கப்படுத்திப்போட்டீல்ல?" என்றான் சபரி, காரில். அத்தோடு வாயை மூடினான். கவுன்சலரிடமும் அதற்குப் பிறகு வரவில்லை.

இந்த முறை அவள் பின்னால் நடக்கவில்லை. தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். கீழ்வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டியோடு பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள். கடைசியில் அவனே வந்து நின்றான்.

"இத்தனை நாளா நான் பேசல. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"பசிச்சுதுங்க. சாப்பிட்டேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. இந்த மூஞ்சிக்காகவா இவ்வளவு அழுதோம் என்றுதான் இருந்தது.

கிரீன் கார்டு வந்தபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள். 2001இல் சபரிக்கு வேலை போனது. தன் ஊர் கோயமுத்தூருக்கே போய்விடலாம் என்றான். நான் வரவில்லை என்றாள். வெள்ளைக்காரி ஒருத்தி அவள் மனதைக் கெடுத்துவிட்டதாக அவன் ஊரெல்லாம் சொன்னான். ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் போன் செய்தான்.

"அடிச்சானா? குடிச்சானா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பறம் என்ன அம்மிணி?"

"அருவருப்பா இருக்குதுங்கண்ணா."

அண்ணனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அடுத்த மாதம் சபரி தனியாக விமானம் ஏறினான்.