செல்வமணியின் மூக்கு

எந்த இயந்திரத்தையும் தொடுவதற்கு முன் செல்வமணி அதை முகர்ந்து பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி குனிந்து, பின்புறத்துத் துளைகளில் மூக்கை வைத்து நிதானமாக இழுப்பார். கருகிய வாசம் வந்தால் பழுது இன்ன இடத்தில் என்று பாதி விளங்கிவிடும். வராவிட்டால் நிமிர்ந்து, "உசுரு இருக்கு" என்பார். அதன் பிறகே திருப்புளியை எடுப்பார்.

தேனியில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. வானொலியில் தொடங்கித் தொலைக்காட்சிக்கு வந்தவர், இரண்டாண்டுகளாகக் கணிப்பொறியையும் பார்க்கிறார். தோளில் தொங்கும் காக்கிப் பையில் கருவிகளோடு, மனைவி ஜெபராணி கட்டிக் கொடுத்த தோசைப் பொட்டலமும் இருக்கும். வேலைக்குப் போன வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாங்கமாட்டார். "வாயி சாப்புட்டா கை சோம்பிரும்" என்பது அவர் சொல்லும் காரணம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பழுது யாரால் நேர்ந்தது என்று சொல்லவேமாட்டார். வானொலிக்குள் குழந்தை போட்ட நாணயத்தைத் தம் கையாலேயே எடுத்திருப்பார். "யாரு கெடுத்தாக?" என்று வீட்டார் கேட்டால், "கரண்டு ஏறி எறங்குதுல்ல" என்று சொல்லி நாணயத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் கணக்குப்படி, தேனியிலிருந்து கம்பம் வரை எந்தப் பொருளையும் எந்த மனிதரும் கெடுத்ததில்லை.

சென்ற ஐப்பசியில் போடியில் எங்கள் அடுத்த வீட்டுக்கு அவரை அழைத்துவந்தவன் நான், ஆதலால் உடனிருந்தேன். வீட்டுக்காரர் சங்கரலிங்கம், ஏலக்காய் வியாபாரி. மருமகள் சொர்ணலதா மதுரையில் கணிப்பொறி படித்தவள். வடநாட்டு வியாபாரிகளுக்கு வாரந்தோறும் போகும் விலை அறிக்கைகளை வீட்டிலிருந்தே அச்சிட்டுத் தருவதாகச் சொல்லி, நெடுநாள் வாதாடி, மாமனாரைக் கணிப்பொறியும் அச்சுப்பொறியும் வாங்க வைத்திருந்தாள். இரண்டும் ஒழுங்காகவே ஓடின. ஆயுத பூசை கழிந்த நாள் முதல் அச்சுப்பொறி ஒரு வரிகூட அடிக்கவில்லை. அது தயாராக இல்லை என்றே கணிப்பொறியின் திரை திரும்பத் திரும்பச் சொன்னது.

"நாளைக்கு மதுரைக்கு லாரி போகுது செல்வமணி. இன்னிக்கு ஓடுனா ஓடட்டும். இல்லாட்டி ரெண்டையும் வித்தவன்கிட்டயே ஏத்திவிட்டுருவேன். பழைய டைப்பு மெசினு எனக்குப் போதும். இவளும் அடுப்படியப் பாக்கட்டும்" என்றார் சங்கரலிங்கம். சொர்ணலதா அச்சுப்பொறியின் மூடியில் இல்லாத தூசியை முந்தானையால் துடைத்தாள்.

செல்வமணி குனிந்து முகர்ந்தார். "வீடு பூராம் ஏலக்கா வாசம். ஒண்ணும் புடிபடலைங்கய்யா."

"மூக்க வச்சா பொழப்பு நடத்துறீக?"

"மூக்கும் ஒரு மீட்டருதாங்கய்யா."

இணைப்புக் கம்பியின் மேல் அவருக்குச் சந்தேகம். பிரித்தார், பற்றவைத்தார், பூட்டினார். அச்சுப்பொறியின் முகப்பில் 'ஆன்லைன்' என்னும் சிறு விளக்கு எரியாததைக் கண்டு, அருகிலிருந்த பொத்தானை அமுக்கினார். திரை பழைய பதிலையே சொன்னது. கம்பியைக் கழற்றி மறுபடியும் பற்றவைத்தார். பயனில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"லதா, அந்த அட்டப்பெட்டிய எடுத்தா" என்றார் சங்கரலிங்கம்.

அவள் கொண்டுவந்து மேசையருகே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"கட்டுறதுக்கு முன்ன ஒரு தடவ நீ போடு தாயி. எப்பவும் போடுற மாதிரியே போடு, நான் பாக்குறேன்" என்றார் செல்வமணி.

அவள் அச்சுப்பொறியை அணைத்து மறுபடியும் போட்டாள். "பாத்தீகளாண்ணே, ஆன்லைன் எரியல" என்று பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

"நில்லு. அமுக்காத."

"எரியாட்டி அமுக்கணும்னு கம்பெனிக்காரர் சொன்னாரேண்ணே?"

"நானுந்தான் அமுக்குனேன். இந்தத் தடவ சும்மா அடிச்சுப் பாரு."

அடித்தாள். அச்சுமுனை கிறீச்சிட்டுக்கொண்டு தாளின் குறுக்கே ஓடியது. சங்கரலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்தப் பொத்தானின் இயல்பு எளிது. அச்சுப்பொறியைப் போட்டதுமே விளக்கு தானாக எரியும். விளக்கு எரியாதபோது அமுக்கினால் அச்சுப்பொறி கணிப்பொறிக்குக் காது கொடுக்கும். எரியும்போது அமுக்கினால் காதை மூடிக்கொள்ளும். இத்தனை நாளும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை. எரியச் செய்வதாக எண்ணி எல்லாரும் அதை அணைத்திருக்கிறார்கள்.

செல்வமணி விளக்கின் மேலேயே மூக்கை வைத்து நீளமாக இழுத்தார். ஒரு குண்டூசியை எடுத்து அந்தச் சிறு குழிக்குள் விட்டுச் சுரண்டினார். பெட்டியின் நிறத்திலேயே பொடி உதிர்ந்தது. சந்தனம். ஆயுத பூசையன்று, பொட்டுக்கு வாகான இடம் என்று சங்கரலிங்கமே அந்தக் குழியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்ததைப் பூசைப் பொரி வாங்க அங்கே போயிருந்த நானும் கண்டிருந்தேன். மேலிருந்தது உதிர்ந்துவிட்டது, குழிக்குள் இறங்கியது காய்ந்து பெட்டியோடு பெட்டியாகிவிட்டது. இப்போது அங்கே செந்நிற ஒளி பளிச்சென்று தெரிந்தது.

அவர் உள்ளங்கையில் விழுந்த பொடியைச் சொர்ணலதா பார்த்துவிட்டாள். மாமனாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"என்ன அது?" என்றார் சங்கரலிங்கம்.

செல்வமணி கையை மூடிக்கொண்டார். "தூசிங்கய்யா. கரண்டு ஏறி எறங்குனா இழுத்துக்கிரும்."

சொர்ணலதா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

"தாயி, கொஞ்சம் சந்தனம் கொழச்சுக் கொண்டா. குங்குமமும்."

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரராச்சே. ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் சங்கரலிங்கம்.

"எனக்கில்லைங்கய்யா. மெசினு வெறும் நெத்தியோட இருக்கு. தொழில் பண்ணுற சாமானுல்ல?"

கிண்ணம் வந்தது. மோதிர விரலால் தொட்டு, விளக்குகளுக்கு எட்டாத தொலைவில், மூடியின் நட்ட நடுவில் வட்டமாக வைத்தார். அதன்மேல் குங்குமமும் இட்டார். "இதுக்கு நெத்தி இங்கன இருக்குங்கய்யா" என்றார். சங்கரலிங்கம் குனிந்து அந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பின்பு அட்டைப்பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

செல்வமணி கண்ணாடியை எடுத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. சந்தனம் ஒட்டியிருந்த விரலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக ஒரு முறை முகர்ந்தார்.