அணைக்கக் கூடாத விளக்கு

அத்தானைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் தங்கைக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சுதான். அத்தானின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள் அது. பெரியவருக்கு இடது பக்கம் விளங்கவில்லை. பேச்சும் குழறிப் போயிருந்தது. அவர் கத்திக் கூப்பிட்டாலும் அறைக் கதவைத் தாண்டாது. அவருடைய அறையோ வீட்டின் கடைசியில். அக்கா நாள் முழுக்க நிற்கும் சமையலறை முன்பக்கம்.

அக்காதான் ஆரம்பித்தாள். "ஏங்க, மாமா கட்டில் பக்கத்துல ஒரு பெல் வேணும். எலக்ட்ரிக் கடையில சொன்னா, வயர் இழுத்துக் கிச்சன்ல மாட்டிக் குடுத்துடுவாங்க."

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். "வயரா?" என்றார். அக்கா செத்த எலியைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

"ஆமா, வயர்தான். அதுக்கென்ன?"

"இந்தக் காலத்துல எவன் வயர் இழுக்கறான்? வயரே இல்லாத ஒரு ஜிக்பீ பட்டன் போதும்."

"அப்படின்னா?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்களேன்."

இப்படி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட மாட்டார்களா என்றுதான் அவர் காலம் முழுக்கக் காத்திருந்தார். வைஃபை பேட்டரியைக் குடித்துவிடும். புளூடூத்துக்குத் தூரம் ஆகாது. இசட்-வேவ் நல்ல சாதி, ஆனால் சாமான் கிடைப்பதில்லை. த்ரெட் இப்போதுதான் தலையெடுக்கிறது. மேட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, அது வேரூன்றிவிட்டால் எந்தக் கம்பெனிப் பொருளும் எந்தக் கம்பெனிப் பொருளோடும் பேசும். கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்து போகும் வரை சொல்லிக்கொண்டே போனார்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசும்," என்று முடித்தார்.

"எதுவும் எதோடயும் பேச வேணாம். மாமா கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்," என்றாள் அக்கா.

அத்தான் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நீ ரெண்டு மொழி படிச்சவ."

தங்கை அப்போது அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாள். துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சூடேற்றி போன்றவற்றின் செயல்முறைக் குறிப்புகளை மொழிபெயர்ப்பது அவள் தொழில். அதிகம் பேசுகிறவள் அல்ல. "அறை கடைசியில இருக்கே, அவ்வளவு தூரம் எட்டுமா அத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்ல கேள்வி. பட்டன் நேரா ஹப்போட, அதான் ஷூ அலமாரி மேல இருக்கற குட்டிக் கம்ப்யூட்டரோட, பேசாது. நடுவுல காரிடார்ல ஸ்மார்ட் பல்ப் இருக்கு பார், அது வாங்கி ஹப்புக்குக் குடுக்கும். கட்டட வேலையில செங்கலைக் கைமாத்தி விடற மாதிரி."

"பல்பை அணைச்சுட்டா?"

"போன்ல அணைச்சா ஒண்ணும் ஆகாது. சுவத்துல இருக்கற சுவிட்சைத்தான் தொடக் கூடாது. அதைத் தட்டினா பல்புக்குக் கரன்ட்டே போயிடும்."

"சுவிட்சைத் தொடாம இருக்கறதா? இந்த வீட்டுலயா?" என்று அக்கா சிரித்தாள்.

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. பெரியவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டு மீட்டர் சுற்றினால் எந்த விளக்கு எரிகிறது என்று தேடிக் கிளம்பிவிடுவார். யாராக இருந்தாலும் அறை வாசலைத் தாண்டும் முன் கை சுவிட்சுக்குப் போக வேண்டும். அத்தான் சின்ன வயதில் இதற்காக வாங்கிய குட்டுகள் ஏராளம். கல்யாணமாகி வந்த அக்காவுக்கும் ஒரு வருடத்துக்குள் கை பழகிவிட்டது. மாடிக்கு வந்து தங்கிய தங்கைக்குக் கை பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான், அணைக்கக் கூடாத ஒரு விளக்கை நம்பி அத்தான் தன் அப்பாவை ஒப்படைத்தார்.

அத்தானுக்குப் பெயிண்ட் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று சொல்லும் ஆலோசகர். தந்தத்தின் நிறத்திலேயே பல வகைகளைப் பிரித்துக் காட்டுவார். வாங்கிப் போன நிறத்தை மாற்ற யாராவது திரும்பி வந்தால் அவருக்குப் பொறுக்காது. "ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வீடு கட்டறாங்க?" என்று வீட்டுக்கு வந்து அலுத்துக்கொள்வார். அதைச் சொல்லும்போதே கை போனில் அடுத்த ஹப்பின் விலையைத் தேடிக்கொண்டிருக்கும்.

முதலில் போன் கம்பெனிக்காரன் தளமே தெய்வம் என்றார். வீட்டு விளக்குகளை எல்லாம் அதில் சேர்த்தார். பிறகு ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அது மூடிய தோட்டம், மாட்டிக்கொண்டால் வெளியே வர முடியாது என்று பேசும் ஸ்பீக்கர்க்காரன் பக்கம் தாவினார். அந்த ஸ்பீக்கர் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கிறது என்று இன்னொரு வீடியோ சொன்னது. உடனே, எல்லாவற்றையும் நம் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் என்று ஒரு குட்டிக் கணினியை வாங்கி ஷூ அலமாரியின் மேல் வைத்தார். ஆனாலும் சமையலறை ஸ்பீக்கரை விட மனம் வரவில்லை. ஒட்டுக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு தாவலுக்கும் அக்கா சில நாள் இருட்டில் பாத்திரம் கழுவினாள். கைவிடப்பட்ட சாமான்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் சேர்ந்தன. விளக்கு எரிவது என்பது மனிதன் என்றோ தீர்த்துவிட்ட பிரச்சினை. அதை மறுபடி பிரச்சினையாக்குவதற்கு இந்த மனிதர் தன் வார விடுமுறைகளை எல்லாம் செலவழிக்கிறாரே என்று தங்கைக்குத் தோன்றும். வெளியே சொல்ல மாட்டாள்.

இதையெல்லாம் விட அவருக்குப் பெரிது, போனில் இருந்த ஒரு குழு. அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். அங்கே அவருக்கு 'மாஸ்டர்' என்று பட்டம். எந்தப் பட்டன் வாங்கலாம் என்று எவனாவது கேட்டால், மாஸ்டர் பதில் சொல்லும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. பெரியவரின் தலைமாட்டில் பட்டனை வைத்த அன்றே அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். 'அப்பாவுக்காக' என்று கீழே எழுதினார். பலர் அதே பட்டனை வாங்கினார்கள்.

பட்டன் வேலை செய்யத்தான் செய்தது. பெரியவர் அழுத்தினால், "அப்பா அழைக்கிறார்" என்று சமையலறை ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் விமான நிலைய அறிவிப்பைப் போலச் சொல்லும். நடைவழியின் சுவிட்சுக்கு மேல் அத்தான் பட்டையாக டேப் ஒட்டி, 'தொடாதே' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார். அக்காவும் தங்கையும் அந்தப் பக்கம் போகும்போது கையை மடக்கிக்கொண்டு நடந்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், அத்தான் கடைக்குப் போன பிறகு, பெரியவருக்கான தேநீருடன் அக்கா உள்ளே போனாள். அவர் தரையில் கிடந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பட்டனை அழுத்தியிருக்கிறார். யாரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் தானே எழுந்து பார்த்திருக்கிறார். இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. வேட்டி நனைந்திருந்தது. வலது கையில் பட்டனைப் பிடித்திருந்தார். அக்கா கதவருகே வந்து நின்ற பிறகும் அவருடைய கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டேயிருந்தது.

மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்றார் மருத்துவர். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அத்தான் வந்ததும் அப்பாவைப் பார்க்கவில்லை. நடைவழிச் சுவிட்சைத்தான் பார்த்தார். டேப்பின் ஒரு ஓரம் பிரிந்திருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"எவ்வளவு தடவை சொன்னேன்," என்றார். "எழுதியும் ஒட்டியிருக்கேன். படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் தொடலைங்க," என்றாள் அக்கா.

"அப்ப பேய் வந்து அணைச்சுதா? இருங்க. யாருன்னு காட்டறேன்."

நடைவழியில் அவரே மாட்டிய காமிரா ஒன்று இருந்தது. அக்காவையும் தங்கையையும் சோபாவில் உட்கார வைத்து, காலையில் பதிவானதைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டார். பெரிய திரையில் பார்த்தால்தான் புத்தி வரும் என்றார்.

நடைவழி காலியாக இருந்தது. பிறகு ஒருவர் வந்தார். தோளில் பை. ஒரு கையில் போன். கண் போனை விட்டு நகரவில்லை. வாசலை நெருங்கியதும் மற்ற கை தானாகச் சுவருக்குப் போனது. டேப் தடுத்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நகத்தால் டேப்பைக் கிளப்பிவிட்டு, விரலை உள்ளே நுழைத்து, சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் வெளியே போனார்.

கட்டம் போட்ட சட்டை. அதே சட்டையில்தான் அத்தான் அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் ரிமோட்டை எடுத்துத் திரையை அணைத்தார். "இந்தக் காமிராவுல டைம் சரியில்ல," என்றார்.

அக்கா எழுந்தாள். பர்ஸை எடுத்துக்கொண்டு எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது கடைக்காரரும் கூடவே வந்தார். நடைவழிச் சுவர் நெடுக வெள்ளை வயரை ஆணியடித்து இழுத்து, பெரியவரின் கட்டில் கம்பியில் பெல் சுவிட்சையும் சமையலறையில் மணியையும் மாட்டினார். மாமனாரின் வலது கையைப் பிடித்து அக்காவே ஒரு முறை அழுத்த வைத்தாள். மணி வீடு அதிர அடித்தது. பெரியவர் வாய் கோணச் சிரித்து, மறுபடி ஒரு தடவை அழுத்தினார்.

"சுவர் நிறத்துக்கு இந்த வயர் ஒட்டவே இல்ல," என்றார் அத்தான்.

சில நாள் கழித்து அவர் மாடிக்கு வந்தார். அதற்கு முன் மாடிப் பக்கம் வந்தவரே அல்ல. தங்கையின் அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"வேலையா இருக்கியாம்மா?"

"சொல்லுங்க அத்தான்."

"நீ ரெண்டு மொழியிலயும் நல்லா எழுதுவ. அதான் கேக்கறேன். அந்தப் பட்டன் விக்கற வெப்சைட்ல ஒரு விமர்சனம் எழுதணும். ஒரே ஒரு ஸ்டார். வயசானவர் அழுத்தி அழுத்திப் பாத்தாரு, வேலை செய்யல, விழுந்துட்டாருன்னு. கொஞ்சம் மனசு உருகற மாதிரி இருக்கணும்."

தங்கை பேனாவை மேசை மேல் வைத்தாள். "நீங்களே எழுதலாமே அத்தான்."

கீழே மணி அடித்தது. அக்காவின் காலடி சமையலறையிலிருந்து நடைவழியில் ஓடுவது கேட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அத்தான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் பேர்ல வேணாம்மா," என்றார். "குரூப்ல எல்லாரையும் அதை வாங்கச் சொன்னதே நான்தான். நீ உன் பேர்ல போட்டுடு."