கிரகண டாக்டரம்மா

இன்று ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறினேன். இடுப்பில் ரெண்டு வயதுச் சின்னவன், கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெரியவள். சின்னவனுக்குப் பிறவியிலேயே பாதம் வளைந்திருக்கும், காலில் கம்பி வைத்த பூட்ஸ்.

ஜன்னலோரம் ஒரு அம்மா. பக்கத்து சீட்டில் அவர் பை உட்கார்ந்திருந்தது. பையை மடிக்கு மாற்றவில்லை, சின்னவன் காலைப் பார்த்து உச்சு மட்டும் கொட்டினார்.

"ஏனுங்க, இவன் வயித்துல இருக்கறப்ப கிரகணத்துல வெளிய வந்துட்டீங்களா?"

இந்த மாதிரி டாக்டர் பஸ்ஸுக்கு ஒருத்தர் உண்டு. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் பெரியவள் முகம் சுருங்கிவிட்டது.

"நீ வெளிய போனதாலதான் தம்பிக்கு இப்படியாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது.

"அட சாமி, நீ வயித்துல இருக்கறப்பக்கூட கிரகணத்துல கடைக்குப் போயி போண்டா தின்னேன். உனக்கென்ன கொறஞ்சு போச்சு? வாய்தான் கொஞ்சம் நீளம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்த அம்மாவிடமே கேட்டாள்.

"அப்ப நீங்க வயித்துல இருக்கறப்ப உங்கம்மா என்னங்க பண்ணாங்க?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேலம் வரைக்கும் பை சுகமாக உட்கார்ந்து வந்தது.

பெரியவள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.