ஓரம் அடிக்காத பூக்கள்

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, ஏதோ நூல் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல நாத்தனார் சொன்னாள்:

"ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை போறேன். நான் இருந்தா உனக்கும் இடைஞ்சல்தானே."

கணவனின் அக்கா. பல வருடங்களாக இதே வீடு. பகலில் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை. மாலையில் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து பட்டன் தைப்பாள், கூடவே வம்புக்கும் இழுப்பாள். இருவரும் சண்டை போடாத நாளில் வீட்டுக்காரர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்.

போகாதீங்க என்று சொல்லத் தையல்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் அந்த வாய் பதிலடிக்கே பழகியிருந்தது. சரி, ஒரு வாழ்த்து அட்டை செய்து அதில் எழுதிவிடலாம் என்று போனில் வீடியோ பார்த்தாள்.

வாட்டர்கலர் பூக்கள். கோடே கிடையாதாம். ஈரத்தாளில் வண்ணத்தை ஒரு சொட்டு வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அளவெடுத்தே காலம் தள்ளியவளுக்கு இது பெரிய அக்கிரமமாகப் பட்டது. ஓரம் அடிக்காத துணிபோலச் சிவப்பு நாலாபக்கமும் பிசிறடித்து ஓடியது. பதறிப்போய் பிரஷ்ஷால் தடுத்தாள். பூ சேறானது. அடுத்ததும் சேறு. கடைசியில் விரல்களை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். சிவப்பு தன் போக்கில் போய், மஞ்சளைத் தொட்டு, நின்றது. பூவேதான்! அவளுக்கே நம்ப முடியவில்லை.

மெஷின் மேஜையில் கிடந்த, துணியில் குறி போடும் பேனாவை எடுத்து அட்டையின் உள்ளே எழுதினாள். ஞாயிறு காலை பார்த்தால் தாள் நெளிந்து கிடந்தது. சுருக்கத்தைக் கண்டால் அவளுக்குப் பொறுக்குமா? பூவில் சூடு படக்கூடாதென்று உள்பக்கத்தின் மேல் மெல்லிய துணி போட்டு இஸ்திரி போட்டாள். அதற்குள் ஹாலில் பெட்டி இழுபடும் சத்தம். அவசரமாக மடித்துக் கவரில் திணித்துக்கொண்டு ஓடினாள்.

நாத்தனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீயா போட்டே? பரவாயில்லையே." பிறகு விரித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. "உள்ள ஒண்ணுமே இல்லையே. ஒரு 'போய்ட்டு வாங்க'கூட எழுத மனசு வரலையா உனக்கு?"

தையல்காரம்மா அட்டையைப் பிடுங்கினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. பிறகுதான் உறைத்தது: சூடு பட்டால் மறைவதற்கென்றே செய்த மை அது. தைத்து முடித்த துணியில் குறியை இஸ்திரி போட்டு மறைப்பது அவள் தினமும் செய்கிற காரியம்.

"எழுதினேன் அண்ணி, சத்தியமா! இஸ்திரி போட்டேன், போயிடுச்சு."

"அட்டைக்கு இஸ்திரி போட்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன். அப்படி என்ன எழுதினே?"

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"போகாதீங்கன்னு!"

கத்தியே விட்டாள். பெட்டியைத் தூக்கிய வீட்டுக்காரர் அப்படியே நின்றார். நாத்தனார் அட்டையை வாங்கி, அந்த வெள்ளைத் தாளை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா? நான் சாவியே வாங்கிட்டேன்."

"திருப்பிக் குடுத்துடுங்க."

"நீ சொன்னா உடனே குடுத்துடணுமா?" நாத்தனார் தம்பி கையிலிருந்த பெட்டியை வாங்கித் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள். "டேய், முதல்ல அந்த வண்டிக்காரரை அனுப்பிட்டு வா. காது கிழியுது."