பத்துப் போட்ட நெற்றி

ஒற்றைத் தலைவலி எனக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்து உண்டு. ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. என் மூளையைப் பற்றி ஊரே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. "பித்தம்" என்பாள் ஒருத்தி. "ஈரத் தலையோட நின்னிருப்பே" என்பாள் இன்னொருத்தி. "வலி வந்து வந்தே மூளை தேஞ்சுபோச்சு, இவ மறதிக் கேசு" என்று முடித்து வைப்பார் என் வீட்டுக்காரர். அவர் மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினாலும் மறதி எனக்குத்தான்.

வலியின்போது வார்த்தை மாறி வரும் என்பது உண்மை. மண்வெட்டியைக் கேட்க வாயெடுத்தால் விளக்குமாறு என்று வரும். மாயவரத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "வலி இருக்கறப்ப தடுமாறும், விட்டா சரியாயிடும். வயசானா கொஞ்சம் மறக்கும், அது எனக்கும் உண்டு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க." பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்ட வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறியதும், "டாக்டரே மறதின்னுட்டாரு, பாத்தியா" என்றார். இந்த மனுஷரை என்ன செய்வது?

சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டால், நான் வீட்டில் இல்லாத மாதிரிதான். என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தப்பித் தவறிப் பேசினால், காது கேளாதவளிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள்.

பண்ணையாரின் நிலத்தை எங்கள் அப்பா குத்தகைக்கு உழுதார்; அவருக்குப் பிறகு குத்தகை என் பெயருக்கு வந்தது. எங்கள் சோறு அதில்தான். குத்தகைக்காரரை இஷ்டத்துக்கு வெளியேற்றக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. அதனால் சில பண்ணைகளில், குத்தகைக்காரரே தானாக விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நான் நெற்றியில் பத்தோடு படுத்திருந்தபோது பண்ணையாரின் காரியஸ்தர் காகிதத்தோடு வந்தார்.

"என்னம்மா, கையெழுத்துப் போட்டுடலாமா?"

"எதுக்குங்க?"

"சரியாப் போச்சு! போன வாரம் நீங்கதானே படுத்துக்கிட்டே சொன்னீங்க, இனிமே முடியல, நிலத்தை எடுத்துக்கங்கன்னு. மறந்துட்டீங்களா?"

எழுந்து உட்கார்ந்தேன். வாசல் வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"சொல்லியிருப்பே," என்றார் அவர். "வலியில உனக்கு என்ன தெரியுது?"

பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, எனக்கே ஒரு சந்தேகம் வந்ததுதான். போன வாரம் காரியஸ்தர் வந்தது ஞாபகம் இருந்தது, பேசியது ஞாபகமில்லை. வருஷக்கணக்கில் மறதிக்காரி, மறதிக்காரி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"சொன்னேனோ என்னவோ. சொல்லியிருந்தாலும் இப்ப இல்லேங்கறேன். நாளைக்குக் கேட்டாலும் இல்லதான். அந்த முறத்தை மடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"பாருங்க, காகிதத்தைப் போய் முறங்கறாங்க!" என்று கைகொட்டினார் காரியஸ்தர்.

"அது எதுவா வேணா இருக்கட்டும். அதுல என் கை படாது."

முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அந்த வருஷம் சம்பா நட்டது நாங்கள்தான்.

அன்று அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே நீ அப்படிச் சொல்லலையா?"

"போன வாரம் அவர் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான், பக்கத்துல."

"அப்ப நீங்க சொல்லுங்க, சொன்னேனா இல்லையா?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவருக்கும் ஞாபகமில்லை. தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர்.