காளாஞ்சிக்குப் பழகிய கை

எங்கள் கோயிலில் திருவிழா முடிந்ததும் காளாஞ்சி கொடுப்பார்கள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். முதல் தட்டு எங்கள் குடிக்கு, அதாவது எங்கள் தாய்வழி வம்சத்துக்கு. தாய்மாமனுக்குப் பிறகு அது என் கைக்கு வந்தது. ஒரு வருடம் வேறொரு குடியைச் சேர்ந்தவர் முந்திக் கையை நீட்டிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது. அப்படிப்பட்ட ஆள் நான்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். பக்கத்துத் தெரு ஜெபக்கூடத்துப் போதகர் தந்த வேதாகமத்தைப் பொழுதுபோக்கத்தான் திறந்தேன். தன் சீடர்களின் காலைக் கழுவிய அந்த மனிதரை அதன் பிறகு என்னால் விட முடியவில்லை. கடைசியில் பாண்டிருப்புக் கடலில் ஞானஸ்நானம் எடுத்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த முஸ்லிம் மீனவர் ஒருவர், "சேர், தலையத் துவட்டுங்க, காய்ச்சல் வந்திரும்" என்று தன் துவாயை நீட்டினார்.

அன்று பின்னேரம் தம்பி வந்தான். வேலிப் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"காளாஞ்சிய இனி நான் வாங்கிக்கிறன். எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க அண்ணன்."

போகட்டும், கடவுளுக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமையும் எனக்குள் இருந்தது.

அடுத்த ஞாயிறு எனக்கு முதல் திருவிருந்து. வெள்ளை வேட்டி உடுத்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். போதகர் அப்பத்தட்டை எடுத்ததும் என்னையறியாமல் எழுந்து, சால்வையை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அவர் என்னைக் கடந்து கதவோரம் போனார். நல்ல கூத்து! நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கதவோரம் இருந்தவர், எங்கள் வீட்டுக்குத் தலைமுறையாக உடுப்பு வெளுக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிட மூத்தவர். அவரும் இங்கே வருவார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சபையில், அப்பம் எடுத்தவர்தான் தட்டை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். அவர் தட்டோடு என் முன்னால் வந்து, குனிந்து, அதை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். கூலி நெல்லைச் சுளகில் போட்டு நிலத்தில் வைப்போம். வெளுத்த உடுப்பை அவர் நிலத்தில் வைப்பார். கைக்குக் கை எதுவும் மாறியதில்லை.

ஆண்டவரே, நான் பாவி என்று எத்தனை தரம் அழுதிருப்பேன். கடவுளிடம் அதைச் சொல்வது லேசு. இந்தப் பெண்ணிடம் சொல்வது லேசில்லை. அந்தத் தட்டை நிலத்திலிருந்து எடுத்தால், தம்பியை இழந்ததும் கடலில் மூழ்கியதும் வெறும் வேஷம். எனக்கு அது விளங்கியது. ஆனாலும் வாய் வரவில்லை. அவரைப் பெயர் சொல்லி, "இஞ்ச வா" என்று கூப்பிட்டே வளர்ந்த வாய் இது.

நிலத்தில் முழங்காலிட்டேன்.

"கையில தாங்க அக்கா."

அவர் போதகரைப் பார்த்தார். பிறகு என்னை.

"எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா."

"எனக்கும்தான்."

அவர் குனிந்து ஒரு துண்டைப் பிட்டு என் கையில் வைத்தார். அவருடைய விரல்கள் சவர்க்காரத்தில் வெடித்துச் சொரசொரத்தன. குலுங்கிக் குலுங்கி அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுவும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டேன். இறங்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பியிடம் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு விளங்காது. அந்த அக்காவிடமே போய்க் கதைக்கலாம் என்று சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலை வரை வந்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன். அவர் வாழ்நாள் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்து போனவர். அவருடைய வீடு எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.